சித்தப்பா பெயரில் ஒரு கோப்பை

எங்கள் சித்தப்பா இந்தியாவுக்காக ஹாக்கி ஆடியது இறந்துபோன பிறகுதான். உயிரோடு இருந்தவரை அவர் ரயில்வேக்குத்தான் ஆடினார். மெட்ராஸில் வேலை, மெட்ராஸில் ஆட்டம், மாதத்துக்கு ஒருமுறை நகரிக்கு வந்து சின்னம்மாவைப் பார்த்துவிட்டுப் போவார். அவ்வளவுதான். ஆனால் அந்த வருஷம் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும், “அவரா? இந்தியா டீமுக்கு எடுத்துட்டாங்க, வடக்க காம்ப்ல கீறாரு” என்றுதான் சொல்வார்கள். அப்படிச் சொன்னவர்கள் எல்லோருக்கும் அவர் போய்விட்டது தெரியும். தெரியாமல் பார்த்துக்கொண்டது இரண்டு பேருக்கு. ஒன்று சின்னம்மா. இன்னொன்று நான். எனக்குச் சொன்னால் சின்னம்மாவிடம் உளறிவிடுவேன் என்று பயம்.

சின்னம்மா அப்போது உண்டாகியிருந்தாள். அதற்கு முன் இரண்டு தங்காமல் போயிருந்தன. எங்கள் தெரு மருத்துவச்சி, “இவ ஒடம்புக்கு ஒரு அதிர்ச்சி போதும், இதுவும் நிக்காது” என்று சொல்லியிருந்தாள். எங்கள் பக்கத்தில் வயிற்றுப்பிள்ளைக்காரிக்குச் சாவுச் செய்தி சொல்லமாட்டார்கள். தகப்பன் செத்ததைப் பிள்ளை பெற்ற பிறகு தெரிந்துகொண்டவர்கள் உண்டு. புருஷன் செத்ததையே மறைத்தது எனக்குத் தெரிந்து எங்கள் வீட்டில்தான். சின்னம்மாவுக்குத் தாய்வீடு என்று ஒன்று இல்லை. பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டார்கள். அதனால் பிரசவமும் எங்கள் வீட்டில், மறைப்பதும் எங்கள் வீட்டில் என்று ஆயிற்று.

சித்தப்பா வடக்கே ஏதோ ஊருக்கு ஆடப் போயிருந்தார். போன இடத்தில் விஷக்காய்ச்சல். தந்தி கிடைத்து, அவருடைய அண்ணனான எங்கள் நைனா ரயிலேறிப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. அவ்வளவு தூரம் எடுத்து வர வழியில்லை. அங்கேயே கொள்ளி வைத்துவிட்டு, மொட்டைத் தலையோடு ஊரில் வந்து இறங்கினார் நைனா.

மொட்டைத் தலைக்கு எங்கள் ஊரில் காரணம் தேட வேண்டியதில்லை. திருமலை பக்கத்திலேயே இருக்கிறது. சின்னம்மா கேட்பதற்கு முன்பே, “உனக்காக வேண்டிக்கினேம்மா, மலைக்குப் போய் முடி குடுத்துட்டு வந்தேன்” என்று சொல்லிவிட்டார். அம்மா அவரைக் கொல்லைப்புறம் தள்ளிக்கொண்டு போய்ப் பிடித்துக்கொண்டாளாம். இதெல்லாம் அம்மா பிற்பாடு சொன்னது.

“மலைக்குப் போனியே, லட்டு எங்க?”

“மறந்துட்டேன்னு சொல்லு.”

“முடி குடுக்கப் போனவன் பிரசாதத்த மறந்துட்டு வருவானா? தலையில சந்தனமாச்சும் பூசினு வந்திருக்கலாம் இல்ல? ஒரு பொய்ய ஒழுங்கா சொல்லத் தெரியல உனுக்கு.”

அந்த வாரம் நிஜமாகவே மலைக்குப் போய் வந்த வீடு ஒன்று அடுத்த தெருவில் இருந்தது. அம்மா அங்கே போய்க் கெஞ்சி அரை லட்டு வாங்கி வந்தாள். மீதி அரை எங்கே என்று சின்னம்மா கேட்கவில்லை. கண்ணில் ஒற்றிக்கொண்டு தின்றாள். எனக்கும் ஒரு விள்ளல் கொடுத்தாள். அந்த இனிப்பு எனக்கு நினைவிருக்கிறது. தின்னும்போது நைனா திரும்பி நின்றுகொண்டதும் நினைவிருக்கிறது.

அப்புறம்தான் இந்தியா டீம் வந்தது. சித்தப்பா கடிதம் எழுதுகிற ஆள் இல்லை. மெட்ராஸுக்குச் சேலை கொண்டுபோய் விற்றுவரும் வியாபாரி ஒருவரிடம்தான் சேதி சொல்லி அனுப்புவார். அவரிடம் நைனா, சித்தப்பா இந்தியா டீம் பயிற்சிக் காம்ப்புக்குப் போயிருப்பதாக மட்டும் சொல்லச் சொன்னார். அந்த மனிதருக்கு வாய் நிற்கவில்லை. ஒரு தடவை “பனியன் எல்லாம் குடுத்துட்டாங்களாம்” என்றார். அடுத்த தடவை “கப்பல்ல ஏறி வெளிநாட்டுக்கே போகப் போறாராம்” என்றார். நைனா அவரைத் தனியே கூப்பிட்டு, “கொஞ்சம் கம்மியா சொல்லுய்யா, இம்மாம் ஒசரம் ஏத்திட்டா அப்புறம் எறக்க முடியாது” என்று கேட்டுக்கொண்டாராம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இருந்திருந்தா போயிருப்பான்யா” என்றாராம்.

நான் பள்ளிக்கூடத்தில் பெருமை அடித்துக்கொண்டேன். மூன்றாம் வகுப்பு வாத்தியார் தெலுங்குக்காரர். “மா சின்னான்ன இந்தியா டீம்” என்று நான் சித்தப்பாவைப் பற்றிச் சொன்னபோது அவர் என் தலையில் கை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார். அன்று வாய்ப்பாடு கேட்கவே இல்லை. சித்தப்பா புகழால் வாய்ப்பாடு தப்பியது என்று நினைத்தேன்.

ஏழாம் மாசம் வளையல் அடுக்க வேண்டி வந்தது. தெருவில் ஒவ்வொருத்திக்கும் அன்றைக்கு ஒரு வேலை வந்துவிட்டது. ஒருத்திக்குக் காய்ச்சல், ஒருத்தி வீட்டில் மாடு கன்று போடுகிறது, ஒருத்தி புத்தூருக்குப் போகிறாள். அந்தக் கையில் வளையல் போட ஒருத்திக்கும் தைரியம் இல்லை. வராமல் இருந்தால் சந்தேகம் வருமே என்றும் பயம். கடைசியில் அம்மாவும் மருத்துவச்சியும்தான். அம்மா கை முழுக்க அடுக்கினாள். பச்சை, சிவப்பு, மறுபடி பச்சை. “போதுங்கா, முழங்கையே தாண்டப்போவுது” என்று சின்னம்மா சிரித்தாள். மிச்சத்தை எனக்குப் போட்டுவிட்டாள். அன்று என்னைவிடச் சந்தோஷமான ஆள் அந்த வீட்டில் இல்லை.

அது எல்லை பிரிக்கிற காலம். அப்போது திருத்தணியும் எங்கள் சித்தூர் ஜில்லாவில்தான் இருந்தது. அது மெட்ராஸ் பக்கம் போகிறது, சத்தியவேடு இந்தப் பக்கம் வருகிறது, நாம் ஆந்திராவிலேயே நிற்கிறோம் என்று பெரியவர்கள் கூடிக் கூடிப் பேசுவார்கள். எல்லை என்றால், ஹாக்கிப் பையன்கள் மைதானத்தில் சுண்ணாம்பு போடுவதுபோல ஆட்கள் டப்பாவோடு வந்து கோடு போடுவார்கள் என்று நான் எண்ணியிருந்தேன். எங்கள் வீட்டுக்குள் கோடு போனால் அடுப்படி எந்தப் பக்கம் என்று அம்மாவிடம் கேட்டு அடி வாங்கினேன்.

சித்தப்பா ஹாக்கி கற்றது ரேணிகுண்டா ரயில்வே காலனியில். டிரைவர்களின் பிள்ளைகள் ஆடுவதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்து, பந்து வெளியே வந்தால் எடுத்துப் போட்டு, அப்படியே உள்ளே போனவர். ஊருக்கு வரும்போதெல்லாம் வறண்ட ஏரிக்குள் பையன்களைச் சேர்த்துக்கொண்டு ஆடுவார். நகரி, புத்தூர், திருத்தணி, திருப்பதி என்று ரயிலில் வந்து இறங்குவார்கள். தமிழோ தெலுங்கோ, மட்டை இல்லாதவன் வளைந்த புளியங்கிளையை வெட்டிக்கொண்டு வருவான். “குனிடா, இன்னும் குனி. நெலத்துக்கு மரியாதை குடு” என்று கத்துவார். சத்தம் எங்கள் தெருவரை கேட்கும். சின்னம்மா சோற்றை வடித்துக்கொண்டே, “எனக்கு ஒரு நாளாச்சும் இவரு குனிஞ்சாரா கேளு” என்பாள்.

அந்தப் பையன்கள்தான் சித்தப்பா பெயரில் கோப்பை வைத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு டோர்னமெண்ட் நடத்த வேண்டும் என்று நைனாவிடம் வந்தார்கள்.

“கொழந்த பொறக்கட்டும்டா, அப்புறம் நடத்தலாம்” என்றார் நைனா.

“அதுக்குள்ள திருத்தணிப் பசங்க அந்த ராஜ்யம் பூடுவாங்க மாமா. எல்லாரும் ஒரே ஜில்லாவா இருக்கும்போதே ஒரு தடவ ஆடிடணும்.”

“கொஞ்ச நாள் பொறுக்க முடியாதாடா?”

“நாங்க பொறுப்போம். எல்லைக்காரன் பொறுப்பானா?”

நைனா தறியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். பிறகு விதிகள் போட்டார். படத்துக்கு மாலை கூடாது. விளக்கு ஏற்றக் கூடாது. மைக்கில் பேசுகிறவன் ‘அமரர்’ என்றோ ‘ஸ்வர்கீய’ என்றோ வாய் தவறக்கூட விடக் கூடாது. சின்னம்மா வரமாட்டாள்தான், ஆனாலும் லவுட்ஸ்பீக்கர் தெருவரை கேட்கும்.

ஆனால் சின்னம்மா வருகிறேன் என்றாள். “எம் புருஷன் பேர்ல ஊரே கூடுது, நான் மட்டும் மூலையில குந்திக்கினு இருக்கணுமா? கப்ப நான்தான் குடுப்பேன். அவரு வந்தா கேப்பாரு இல்ல, யாருடி குடுத்தாங்கன்னு?” வயிற்றைக் காட்டித் தடுத்துப் பார்த்தார்கள். “ஏரி இன்னா மெட்ராஸ்லயா இருக்குது? மாட்டு வண்டி கட்டுங்க” என்றாள். அதிகம் பேசுகிறவள் இல்லை அவள். அன்றுதான் அப்படிப் பிடிவாதம் பிடித்துப் பார்த்தேன்.

டோர்னமெண்ட் அன்று காலையில் சின்னம்மா கல்யாணப் புடவையை எடுத்து உடுத்தினாள். பூ இன்னும் வை, இன்னும் வை என்று அம்மாவிடம் சொன்னாள். தலை கொள்ளாத அளவுக்கு வைக்கச் சொன்னாள். குங்குமத்தைத் தானே பெரிதாக இட்டுக்கொண்டாள். அம்மா கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் பட்ட வெயில் சுவரெல்லாம் ஓடியது. நான் அந்த வெளிச்சத்தைப் பிடிக்க ஓடினேன்.

ஏரியில் பந்தல் போட்டிருந்தார்கள். சித்தப்பாவின் படத்தை ஒரு நாற்காலியில் வைத்திருந்தார்கள். மட்டையை ஊன்றிக்கொண்டு சிரிக்கிற படம். வாங்கிவந்த மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் கோப்பையின் கழுத்தில் போட்டிருந்தார்கள். சின்னம்மாவை ஊரே எழுந்து வழிவிட்டு உட்கார வைத்தது. ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவள் காலடியைப் பார்த்துப் பேசினார்கள். மரியாதை என்று நினைத்தேன்.

சின்னம்மாவுக்குத் தெரியாது என்பதை எங்கள் பையன்கள் வந்த எல்லாருக்கும் சொல்லியிருந்தார்கள். காலை ரயிலில் வந்து நேரே மைதானத்துக்கு ஓடிவந்த திருப்பதிப் பையன்களுக்கு மட்டும் சொல்ல மறந்துவிட்டார்கள்.

அவர்கள் ஆட இறங்கினார்கள். ஒவ்வொருவன் கையிலும் கறுப்புத் துணி கட்டியிருந்தது. நடுவில் வரிசையாக நின்றார்கள். கேப்டன் பையன் ஏதோ சொன்னான். எல்லோரும் மட்டையைக் கீழே வைத்துவிட்டுத் தலை குனிந்து நின்றார்கள். அசையவில்லை. மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். எங்கள் பையன் ஒருவன் அவர்களைப் பார்த்துப் பாதி தூரம் ஓடி, அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் வெயிலில் நின்றுவிட்டான். நைனா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னாக்கா, இந்தப் பசங்க ஏன் இப்பிடி நிக்கிறாங்க?” என்று சின்னம்மா கேட்டாள்.

அம்மாவுக்கு எங்கிருந்துதான் வந்ததோ. “திருப்பதிப் பசங்க இல்ல? ஏழுமலையானக் கும்பிட்டுக்கினுதான் எறங்குவாங்க.”

“கையில கறுப்புத் துணி கட்டிக்கினு கீறாங்களே?”

“அது… திருஷ்டிக்கு.”

சின்னம்மா கொஞ்ச நேரம் அவர்களையே பார்த்தாள். பிறகு என் தோளை ஊன்றிக்கொண்டு மெல்ல எழுந்தாள். அந்த வயிற்றோடு, அவ்வளவு பூவோடு, கை நிறைய வளையலோடு நின்று கும்பிட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். அவள் எழுந்ததும் பந்தலில் இருந்தவர்கள் எழுந்தார்கள். கரைமேல் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்கள். ஏரி முழுக்க ஒரு சத்தம் இல்லை. காற்றில் பந்தல் ஓலை மட்டும் அடித்துக்கொண்டது. நானும் கும்பிட்டேன். சித்தப்பா சீக்கிரம் வரவேண்டும், எனக்கு இந்தியா பனியன் ஒன்று கொண்டுவர வேண்டும் என்று ஏழுமலையானிடம் கேட்டுக்கொண்டேன்.

அப்புறம் ஆட்டம் நடந்தது. எனக்கு அதெல்லாம் நினைவில்லை. வெயில் சாய்ந்த பிறகு கடைசி ஆட்டத்தில் திருத்தணியைத் திருப்பதி ஜெயித்தது மட்டும் தெரியும். இடையில் எங்கள் பையன்கள் அந்தக் கேப்டனைத் தனியே கூட்டிப்போய் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். கோப்பை வாங்க வந்தபோது அவன் முகம் ஜெயித்தவன் முகமாக இல்லை. மெடல் தட்டைப் பிடித்துக்கொண்டு நான் சின்னம்மாவை ஒட்டி நின்றிருந்தேன். அவன் கோப்பையை வாங்கவில்லை. சட்டென்று அவள் காலில் விழுந்தான். “அக்கா, அன்னய்யே நாக்கு ஸ்டிக்கு பட்டேதி நேர்ப்பிஞ்சினாரு” என்றான். அண்ணன்தான் எனக்கு மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுத்தார் என்று. சொல்லிவிட்டுத் தேம்பினான்.

எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்குள் சின்னம்மா அவனைத் தூக்கி நிறுத்தி, கோப்பையைக் கொடுக்கிற சாக்கில் குனிந்து சொன்னாள்: “ஏடவொத்து ராஜா, அழாத. எங்க வூட்ல எல்லாரும் பாத்துக்கினு இருக்காங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சிக்கினு இருக்காங்க. நெனச்சிக்கட்டும். கொழந்த பொறக்கற வரைக்கும் அப்பிடியே இருக்கட்டும். பாவம், எனக்காக ரொம்பக் கஷ்டப்படறாங்க.”

அவன் கோப்பையை வாங்கித் தலைக்கு மேல் தூக்கினான். ஊர் கத்தியது. சித்தப்பா பெயரைச் சொல்லிச் சொல்லிக் கத்தியது. சின்னம்மா நின்று, அது அடங்கும்வரை கேட்டாள். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை.

அவள் சொன்னதை அந்தப் பையனைத் தவிரக் கேட்டவள் நான் ஒருத்திதான். வண்டியில் திரும்பும்போது அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். சின்னம்மாவுக்குத் தெரியாமல் வீட்டில் எதையோ மறைக்கிறார்கள். குழந்தை பிறக்கும்வரை மறைக்கிறார்கள். அது அவளுக்குத் தெரிந்துவிட்டது. என்னவாக இருக்கும்? என்னிடம் வீட்டில் மறைத்ததெல்லாம் அதுவரை நல்லதாகத்தான் இருந்தது. தீபாவளிப் பாவாடை, பரணில் வைத்த முறுக்கு, ஒருமுறை ரெட்டைவால் ரிப்பன். அப்படியானால் இதுவும் நல்லதுதான். குழந்தை பிறக்கிற அன்றைக்குச் சித்தப்பா வருகிறார்! சின்னம்மாவைத் திகைக்க வைக்கத்தான் எல்லோரும் சேர்ந்து மறைக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேன். அம்மா என் முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள். ஒருவரிடமும் அதைச் சொல்லவில்லை நான். சொன்னால் கெட்டுவிடும்.

அதன்பிறகு சின்னம்மாவின் வயிற்றை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு பகலில் வலி கண்டது. என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். வெயில் உச்சிக்கு வந்தபோது உள்ளே குழந்தை அழுதது. மருத்துவச்சி வெளியே தலையை நீட்டி, “பொண்ணு. நல்லா கீது. தாயும் நல்லா கீறா” என்று நைனாவிடம் சொன்னாள். நைனா மலை இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வாசலிலேயே உட்கார்ந்தார். நான் ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

மெட்ராஸிலிருந்து வண்டி வந்தது. சேலை மூட்டைக்காரர்கள் இறங்கினார்கள். மொட்டை போடப் போகிற குடும்பம் ஒன்று தண்ணீர் பிடிக்க இறங்கி மறுபடி ஏறிக்கொண்டது. ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டு ஓடினேன். வண்டி போன பிறகு பிளாட்பாரத்தில் நானும் போர்ட்டரும்தான். அவருக்கு எங்கள் வீட்டைத் தெரியும்.

“யாருக்காக நிக்கிற பாப்பா?”

“சித்தப்பாவுக்கு. இந்தியா டீம்லேருந்து வராரு.”

அவர் தலைத்துண்டை அவிழ்த்து என் தலையில் வெயிலுக்குப் போட்டு, கையைப் பிடித்துத் தெருமுனைவரை கொண்டுவந்து விட்டார்.

வீட்டுக்குள் வேப்பிலை வாசமும் வெந்நீர் வாசமுமாக இருந்தது. சின்னம்மா படுத்திருந்தாள். பக்கத்தில் துணிச்சுருளுக்குள் குழந்தை. அம்மா அவளுக்கு ஏதோ புகட்டிக்கொண்டிருந்தாள்.

“இந்த வெயில்ல எங்கடி போன?” என்றாள் அம்மா.

இனி மறைக்க வேண்டாம் அல்லவா, குழந்தைதான் பிறந்துவிட்டதே. “ஸ்டேஷனுக்கு. சித்தப்பா இந்த வண்டியில வரல” என்றேன்.

அம்மாவின் கையிலிருந்த கிண்ணம் சாய்ந்தது. வாசலில் இருந்த நைனா எழுந்து வந்து நிலைப்படியில் நின்றார். மருத்துவச்சி என் வாயைப் பொத்த வந்தாள்.

சின்னம்மா எழுந்து உட்கார்ந்தாள். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, குழந்தையை எடுத்து என் மடியில் வைத்து, தலையைப் பிடித்துக்கொள்ளும் விதத்தைச் சொல்லிக் கொடுத்தாள். பிறகு அம்மாவின் கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தாள்.

“அக்கா, போதும்” என்றாள். “இனிமே நாம அழுதுக்கலாம்.”

அம்மா அவளையே பார்த்தாள். அப்புறம் ஒரு சத்தம் வந்தது. அது அம்மாவிடமிருந்து வந்தது என்று எனக்கு உடனே தெரியவில்லை. இருவரும் கட்டிக்கொண்டார்கள். நைனா நிலைப்படியிலேயே முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு குந்திவிட்டார். தெருவில் ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் திறந்தது. அன்றைக்கு வளையல் போட வராதவர்கள் எல்லோரும் தலையிலும் மார்பிலும் அடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள்.

ஒரு வண்டியில் வரவில்லை என்பதற்கு இப்படியா அழுவார்கள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. குழந்தை விழித்துக்கொள்ளப் போகிறதே என்று கவலையாகவும் இருந்தது. அதன் தலையைச் சின்னம்மா சொன்னபடியே பிடித்துக்கொண்டு, சாயந்தரம் இன்னொரு வண்டி இருக்கிறது, சாயந்தரம் இன்னொரு வண்டி இருக்கிறது என்று நான் அவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.